கோழிக்கும் ஒரு நன்றி

ஸ்பிரிக்ஸ் வீட்டில் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபத்தில் ஒரு கோழி வரும். மேஜைமேல் பொரித்து அடுக்கியிருக்கிற கோழி இல்லை. அதற்கு எந்த வீட்டிலும் நன்றி சொல்வார்கள். இது அறுபதுகளில் ஜெர்மனிக்குக் கப்பலேறிப் போய், உள்ளே வராதே என்று விரட்டப்பட்ட அமெரிக்கக் கோழி. ஆர்னெட்டா ஸ்பிரிக்ஸ் கண்ணை மூடிக்கொண்டு கூரைக்கு, உடம்புக்கு, அப்பாவுக்கு, குளிர்காலத்தில் வாசல் பனியை வாரிக் கொடுத்த எதிர்வீட்டுக்காரருக்கு என்று ஆண்டவரிடம் வரிசையாக நன்றி சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் "அந்தக் கோழிக்கும் நன்றி, ஆண்டவரே" என்று முடிப்பாள். எதிரே உட்கார்ந்திருக்கும் அவள் அப்பா லூஷியஸ் அந்த இடத்தில் மட்டும் ஆமென் சொல்லாமல் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்.

கதை ஒன்றும் பெரிசில்லை. அமெரிக்காக்காரர்கள் கோழியை மலிவாக வளர்க்கக் கற்றுக்கொண்டு கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பண்ணைக்காரர்கள் எங்கள் பிழைப்பு போச்சே என்று கூப்பாடு போட, அவர்களுடைய அரசாங்கங்கள் அந்தக் கோழிக்கு வரி போட்டன. அமெரிக்காக்காரர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கிருந்து வரும் பிராந்திக்கும் மாவுச்சத்துக்கும் சின்னச் சரக்கு வண்டிக்கும் நூற்றுக்கு இருபத்தைந்து என்று பதிலுக்கு வரி தீட்டினார்கள். சண்டை போட்டவர்கள் எல்லாரும் மண்ணுக்குப் போய்விட்டார்கள். கோழியை அங்கே யாரும் நினைப்பதுகூட இல்லை. சரக்கு வண்டி வரி மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதே வண்டியில் பின்னால் இருக்கையும் ஜன்னலும் இருந்துவிட்டால் அது ஆள் போகிற வண்டி. அதற்கு வரி நூற்றுக்கு இரண்டரைதான்.

இவ்வளவு தெரிந்தால் மிச்சத்தை எந்த வியாபாரியும் தூக்கத்திலேயே யோசித்து முடித்துவிடுவான். ஸ்பெயினில் வாலென்சியா பக்கத்துத் தொழிற்சாலையில் வண்டி செய்யும்போதே பின்னால் இருக்கை மாட்டி, பெல்ட் போட்டு, கண்ணாடி வைத்து, ஆள் போகிற வண்டியாகக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். பால்டிமோர் துறைமுகத்தில் சுங்கக்காரர் எட்டிப் பார்ப்பார். இருக்கை இருக்கிறதா, இருக்கிறது. இரண்டரையை வாங்கிக்கொண்டு தலையாட்டிவிடுவார். துறைமுக வாசலைத் தாண்டிக் கூப்பிடு தூரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே இருக்கையைப் பிடுங்கி, கண்ணாடியைக் கழற்றித் தகடு அடைத்து, பூக்கடைக்காரரும் குழாய் ரிப்பேர்க்காரரும் வாங்குகிற சரக்கு வண்டியாக வெளியே தள்ளுவார்கள். பிடுங்கிய இருக்கையை யாருக்கும் விற்கக் கூடாது, கொடுக்கக் கூடாது. அது நேராக நொறுக்கும் மெஷினுக்குள் போய்ப் பஞ்சும் தகரமுமாக வெளியே விழும்.

இருக்கை பிடுங்குகிற வரிசைக்குத் தலைவி ஆர்னெட்டா. அதற்கு முன்னால் அவள் ஆஸ்பத்திரித் துணி வெளுத்திருக்கிறாள், பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டு கழுவியிருக்கிறாள். கல்யாணம் ஒன்று நடந்தது, நிற்கவில்லை. லூஷியஸ் வேலை பார்த்த இரும்பாலை திவாலாகி அவருடைய பென்ஷனில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டு, கொஞ்ச காலம் கைமாறிக் கைமாறி இழுத்து, கடைசியில் அடுப்பையே அணைத்துவிட்டது. டர்னர் ஸ்டேஷன் என்கிற பேட்டையில் இருக்கிற அந்தச் சின்ன வீடும் கையைவிட்டுப் போகிற நேரத்தில்தான் இந்தக் கொட்டகையில் ஆள் எடுத்தார்கள். நல்ல சம்பளம், ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி இன்ஷூரன்ஸ் ஏற்கிற மருத்துவக் கார்டு. கோழிக்கு ஏன் நன்றி சொல்லமாட்டாள்?

"வரி போட்டது சரி, பாப்பா. அதைச் சுத்திக்கிட்டுப் போறாங்க பாரு, அதுதான் அயோக்கியத்தனம்" என்பார் லூஷியஸ்.

"அந்த அயோக்கியத்தனந்தாம்பா இந்த மாசம் கரன்ட் பில் கட்டுச்சு."

"இரும்புக்கு இப்படி ஒரு வரியை ஒழுங்காப் போட்டிருந்தா என் ஆலை இன்னைக்கும் புகைஞ்சுக்கிட்டு இருக்கும்."

"புகையட்டும். நீங்க சாப்பிடுங்க, ஆறிப்போகுது."

வெளிநாட்டு இரும்பு தன் ஆலையைத் தின்றது என்பது லூஷியஸின் வழக்கு. அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதியைப் பற்றி அவரிடம் பேசி ஜெயித்தவர் கிடையாது. ஆலை மூடிய அன்று, இனி வெளிநாட்டில் செய்த எந்த வண்டியிலும் தன் பின்பக்கத்தை வைப்பதில்லை என்று சபதம் எடுத்தார். பாஸ்டர் வைத்திருந்தது ஜப்பான் கார் என்பதால் கொட்டுகிற மழையில் சர்ச்சிலிருந்து நடந்தே வந்து நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர் அவர். படுத்துக்கொண்டும் சபதத்தை விடவில்லை.

ஆர்னெட்டாவுக்கும் ஒரு பழக்கம் உண்டு. காலை ஷிஃப்டில் முதல் வண்டிக்குள் ஏறியதும் ஸ்பானரைத் தொடமாட்டாள். பின் இருக்கையில் போய் உட்காருவாள். பெல்ட்டை மாட்டிக்கொள்வாள். மடியில் கையை வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகிறவள் போல ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பாள். பிறகு பெல்ட்டைக் கழற்றி, இருக்கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, வேலையை ஆரம்பிப்பாள். பெல்ட்டைக் கத்தியால் ஓர் இழுப்பு, நான்கு திருகு, ஒரு தூக்கு. இருக்கை மெஷினுக்கு ஓடுகிற கன்வேயர் பட்டையில் விழுந்து நகரும்.

"மேடம் எந்த ஊருக்கு? டிக்கெட் எடுத்தாச்சா?" என்று மேஸ்திரி வெர்னன் தினமும் கேட்பார். தினமும் எல்லாரும் சிரிப்பார்கள்.

"சும்மா இருய்யா. யாரோ ஒருத்தி முதுகு ஒடிய உட்கார்ந்து தைச்சிருக்கா. இதுல ஒரு தடவையாவது ஒரு ஆளு உட்கார வேணாமா? இல்லாட்டி இதுக்குப் பேரு சீட்டா?"

"எல்லாத்துலயும் உட்கார்ந்து பார்க்கிறதுக்கு நீ நாலு ஆளா பொறக்கணும், கண்ணு."

"எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் ஒண்ணுல உட்காருறேன்."

அந்த வருஷக் குளிர்காலத்தில் அவளுக்கு மார்பில் கட்டி என்றார்கள். அறுத்து எடுத்தாயிற்று. குளிர் விட்டதும் கதிர்வீச்சு வைத்தியம் தொடங்கியது; வாரத்தில் ஐந்து நாள், ஷிஃப்ட் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாததால் வரிசையில் மற்றவர்கள் அவள் பங்குக்கும் தூக்கினார்கள்.  செலவெல்லாம் கார்டு பார்த்துக்கொண்டது. கார்டைக் கொடுத்தது கொட்டகை. கொட்டகையைக் கொடுத்தது கோழி. ஜெபத்தில் அவள் குரல் அந்த நாட்களில் கொஞ்சம் உரக்கவே கேட்டது.

அம்பாரோ வந்தது அப்போதுதான். குட்டையாக, விறுவிறுவென்று நடக்கிற பெண். கழுத்தில் கயிறு கட்டிக் கண்ணாடி தொங்கும். வாலென்சியாவில் இருக்கை தைக்கிற பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தைத் தூசி தட்டிக் கொண்டுவந்திருந்தாள், நொண்டினாலும் ஓடும். அமெரிக்காவில் இருக்கையில் ஏதோ மாற்றம் செய்கிறார்களாம், போய்ப் பார்த்து, இன்னும் மலிவாகத் தைக்க வழி இருக்கிறதா என்று வந்து சொல் என்று மேலிடம் அனுப்பியிருந்தது. என்ன மாற்றம் என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. தையல் பிரிவில் யாருக்குமே அது தெரியாது.

கொட்டகைக்குள் வந்து, பட்டை ஓடுகிற திசையிலேயே நடந்து, மெஷின் வாயருகில் போய் நின்றுவிட்டாள்.

"இதெல்லாம் பழுதான சீட்டா?" என்று வெர்னனிடம் கேட்டாள்.

"இல்லம்மா. எல்லாம் புத்தம்புதுசு."

"எல்லாமுமா?"

"எல்லாமுந்தான்" என்று சொல்லிவிட்டு, வெர்னன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

அம்பாரோ மெஷினை விட்டு நகர்ந்தாள். ஒரு மூலையில் போய்ப் பலகைமேல் உட்கார்ந்தாள். சாப்பாட்டு மணி அடித்ததும் ஆர்னெட்டா இரண்டு கோப்பை காப்பியோடு அவளிடம் போனாள்.

"போன வாரம் ஒரு பொண்ணு தையல் கொஞ்சம் கோணலாப் போட்டுட்டா. விரல் அகலம்கூட இல்ல. பிரிச்சுத் தை, பிரிச்சுத் தைன்னு மூணு தடவை பிரிக்க வச்சேன். அழுதுட்டா. நான் அப்பவும் விடல" என்றாள் அம்பாரோ. "எதுக்கு? இதுக்கா?"

 ஆர்னெட்டா அவள் கையைப் பிடித்து எழுப்பி, இன்னும் பிடுங்காத ஒரு வண்டிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். பின் இருக்கையில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் பெல்ட் மாட்டினாள்.

"தினம் காலையில நான் இப்படி உட்காருவேன். தைச்சது யாருன்னு தெரியாது. யாரா இருந்தாலும் நல்லா இருக்கணும்னு நினைச்சுப்பேன். இப்ப ஆளைப் பார்த்துட்டேன். நல்லா இருக்கியா?"

அம்பாரோவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, காப்பி மடியில் கொட்டிவிட்டது. தான் தைத்த துணியில் கறை பட்டுவிட்டதே என்று அவசரமாகத் துடைக்கப் போனாள். துடைத்து என்ன ஆகப்போகிறது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. வண்டிக்குள்ளிருந்து கேட்ட சிரிப்பில் கொட்டகையே திரும்பிப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாப்பிடக் கூப்பிட்டாள் ஆர்னெட்டா. அம்பாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த பாதாம் மிட்டாய்ப் பெட்டியோடு வந்து இறங்கினாள். பொரித்த கோழி, வதக்கிய கீரை, சோள ரொட்டி, பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனி. கையைக் கோத்தார்கள். ஜெபத்தில் கோழி வந்தது. லூஷியஸ் கனைத்தார். அம்பாரோ ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். ஆர்னெட்டா கதையைச் சொன்னாள்.

"அப்ப அந்தக் கோழி உள்ள போகாததாலதான் நான் இங்க வந்து உட்கார்ந்திருக்கேனா?"

"ஆமா. ரெண்டு துண்டு எடுத்துக்கோ."

லூஷியஸ் விருந்தாளியைக் குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பித்தார். "ஏம்மா, உங்க ஊர்ல வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு?"

"ஆகஸ்ட் மாசம் முழுக்க."

"முழுக்கவா? சம்பளத்தோடயா?"

"சம்பளத்தோடதான். அதுபோக கிறிஸ்மஸ் இருக்கு, ஈஸ்டர் இருக்கு..."

முள்கரண்டியை வைத்துவிட்டார் லூஷியஸ். "நாப்பது வருஷம் உலையடியில நின்னேன். ஒரு மாசம் சேர்ந்தாப்ல வீட்ல இருந்தது கால் ஒடிஞ்சப்பதான்!"

ஆர்னெட்டாவுக்கு மாதம் எவ்வளவு வருகிறது என்று அம்பாரோ கூச்சமில்லாமல் கேட்டாள். கேட்டதும் விசில் அடித்தாள். "எனக்கு இதுல பாதிதான் வருது. நான் பொறுப்புல இருக்கிறவ! என் தம்பி மகன் இஞ்சினியர், இருபத்தேழு வயசு. வேலை இல்ல. எங்க அம்மா ரூம்ல சோபாவுல தூங்குறான். அவன் கூட்டாளிங்க பாதிப் பேர் அப்படித்தான்."

"பார்த்தியா பாப்பா" என்றார் லூஷியஸ், ஏதோ ஜெயித்துவிட்டது போல.

அம்பாரோ பார்வையில் ஆர்னெட்டாவின் வலது கை பட்டது. ஒரு கோழித்துண்டை எடுக்கக்கூட அந்தக் கை இடக்கையின் உதவியைத் தேடியது. என்ன ஆச்சு என்று கேட்டாள். ஆர்னெட்டா சொன்னாள். கார்டு, ஆஸ்பத்திரி, தினசரி ஓட்டம். "வேலை இருக்கிற வரைக்கும் பயமில்ல. வேலை போச்சுன்னா கார்டும் போயிரும்."

"கார்டு போனா டாக்டர் பாதியில நிறுத்திடுவாரா?"

"நிறுத்தமாட்டாரு. பில்லை வீட்டுக்கு அனுப்புவாரு. வீடுதான் கையில நிக்காது."

அம்பாரோவுக்கு அது விளங்கவில்லை. வேலைக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று மறுபடி கேட்டாள். லூஷியஸ் எழுந்து தண்ணீர் ஜாடியை நிரப்பப் போனார். அவருடைய ஆலை திவாலான வருஷம்தான் ஆர்னெட்டாவின் அம்மா படுத்தது. கார்டு செல்லாது என்று கவுண்டரில் சொன்னபோது அந்த அம்மாள் சக்கர நாற்காலியில் இருந்தாள். அதன்பிறகு அதிக நாள் இருக்கவில்லை. அந்தப் பேச்சை அந்த வீட்டில் எடுப்பதில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. முதல் வண்டியில் ஆர்னெட்டாவும் அம்பாரோவும் ஜோடியாக உட்கார்ந்தார்கள். லூஷியஸ் மிட்டாய்ப் பெட்டியைக் காலி செய்துவிட்டு, வெளிநாட்டு மிட்டாயைப் பற்றித் தான் சபதம் ஒன்றும் எடுக்கவில்லை என்று வாதாடியதை ஆர்னெட்டா நடித்துக் காட்டினாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஆர்னெட்டா எழுந்தாள். கத்தி ஓர் இழுப்பு, நான்கு திருகு, பக்கத்து ஆள் கையில் ஒரு தூக்கு. வரிசை அவள் பின்னால் ஓடியது. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் அந்த வரிசை முழுக்க வெறும் வண்டியாக நின்றது.

கண்ணாடியைக் கழற்ற ஆளை அனுப்பலாம் என்று வந்த வெர்னன் முதல் வண்டியின் முன்னால் நின்றார். குனிந்து பார்த்தார். அடுத்த வண்டிக்குப் போனார். அதற்கும் அடுத்ததற்குப் போனார். நடை வேகமாகிக்கொண்டே வந்தது.

பிடுங்கவேண்டிய வண்டியில் முன்கண்ணாடியில் மஞ்சள் அட்டை இருக்கும். பிடுங்கக் கூடாத வண்டியில் பச்சை. பச்சை ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம்தான் வரும். வேறு மூலையில் நிற்கும். அன்று பச்சை வண்டிகளை எல்லாம் யாரோ டிரைவர் கொண்டுவந்து பிடுங்குகிற வரிசையில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். யார் நிறுத்தினால் என்ன, அட்டையைப் பார்க்கவேண்டியது வரிசைத் தலைவி. ஐந்து வருஷமாக ஒரு நாள் தவறாமல் பார்த்தவள் அன்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவள் கைக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: வண்டியில் இருக்கை இருந்தால் பிடுங்கு.

"ஆர்னெட்டா" என்றார் வெர்னன். கண்ணு என்று சொல்லவில்லை. "இது கவுன்ட்டி சர்க்காருக்குப் போற வண்டி. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு வாங்கினது. மூணு மணிக்கு லாரி வருது ஏத்திக்கிட்டுப் போக."

ஆர்னெட்டா திரும்பிப் பட்டையைப் பார்த்தாள். பட்டை காலியாக ஓடிக்கொண்டிருந்தது.

பச்சை வண்டியில் கை வைத்தவருக்கு அன்றோடு வேலை இல்லை என்பது கொட்டகைச் சட்டம். போன வருஷம் ஒரே ஒரு வண்டிக்காக ஒருவனை அனுப்பினார்கள். இது ஒரு வரிசை. ஆர்னெட்டா வண்டியின் வெறும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வைத்தியம் பாதியில் நிற்கிறது. அப்பாவிடம் என்ன சொல்வது? அம்மாவுக்கு நடந்தது இரண்டாம் தடவையும் அந்த மனிதர் கண்முன்னால் நடக்கவேண்டுமா?

"லாரி வர்றதுக்குள்ள பழையபடி ஆயிட்டா, செக்கிங்ல பாஸும் ஆயிட்டா, நான் ஏன் யாரையும் அனுப்பப்போறேன்?" என்றார் வெர்னன், தனக்குத்தானே பேசுவது போல. "சீட்டுக்கா பஞ்சம்? வெளியில மஞ்சள் அட்டையோட கடல் மாதிரி நிக்குது. அதுல இருந்து எடுத்து இதுல மாட்ட வேண்டியதுதான். மாட்டத் தெரிஞ்சவங்க யாரு இருக்கீங்க?"

 அத்தனை பேரும் கெட்டிக்காரர்கள். ஆயிரக்கணக்கில் இருக்கை பிடுங்கியவர்கள். ஒருவராவது ஒரே ஓர் இருக்கையை மாட்டியதில்லை. பெல்ட்டை வெட்டாமல் கழற்றக்கூட அங்கே யாருக்கும் தெரியாது.

அம்பாரோ கோட்டைக் கழற்றி வெர்னன் கையில் கொடுத்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். "முதல்ல எல்லாரும் கத்தியைக் கீழ போடுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் நடந்ததை அங்கே வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தக் குட்டைப் பெண்மணி வண்டிக்கு வண்டி தாவினாள். ஆங்கிலம் தீர்ந்துபோனால் தன் பாஷையில் திட்டினாள். திட்டு எல்லாருக்கும் நன்றாகவே புரிந்தது.

"சீட்டோட பின்கால் முதல்ல! கையால மட்டும் முடுக்கு. ஸ்பானர் வேணாம். வேணாம்னு சொன்னேன்ல! இப்ப முன்கால். முழங்காலால ஒரு தள்ளு. சத்தம் கேட்டுச்சா? கேக்கலன்னா உட்காரல. இப்பதான் ஸ்பானர். பெல்ட் கடைசி."

"ஏம்மா, கொஞ்சம் மெதுவா. நாங்க எடுத்தெறியத்தான் படிச்சிருக்கோம்" என்றார் வெர்னன். அவரும் கீழே படுத்துத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தார்.

"தெரியுது, தெரியுது. எவ்வளவு பெரிய படிப்பு!"

ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. சிலர் மஞ்சள் வண்டிகளிலிருந்து பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல இருக்கைகளைத் தூக்கி வந்தார்கள். சிலர் மாட்டினார்கள். ஆர்னெட்டாவால் தூக்க முடியாது. ஆனால் முடுக்க முடியும். இடக்கையால் திருகைப் பிடித்து, வலக்கையைத் தாழ வைத்து, ஒவ்வொரு வண்டியாகப் பின்காலை முடுக்கிக்கொண்டு போனாள். கண்ணீரும் வியர்வையும் எது எது என்று தெரியாமல் வழிந்தது. பக்கத்தில் யாரோ ரொட்டியைப் பிய்த்து அவள் வாயில் வைத்துவிட்டுப் போனார்கள். யார் என்று நிமிர்ந்து பார்க்க நேரமில்லை.

லாரி வந்தபோது கடைசி வண்டியில் பெல்ட் ஏறிக்கொண்டிருந்தது. செக்கிங்காரர் இறுக்கத்தின் அளவு காட்டும் ஸ்பானரோடு வந்தார். நடந்ததை வெர்னன் அவரிடம் மறைக்கவில்லை. எல்லாம் மறுபடி மாட்டியது, ஒன்று விடாமல் பாருங்கள் என்றார். அவர் ஒவ்வொரு காலையும் முடுக்கிப் பார்த்தார். பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு இருக்கையிலும் உட்கார்ந்து குதித்துப் பார்த்தார். கடைசி வண்டியிலிருந்து இறங்கி, "தொழிற்சாலையில மாட்டினதைவிட இறுக்கமா இருக்கேய்யா" என்று கையெழுத்துப் போட்டார்.

"தொழிற்சாலைக்காரி மாட்டினதுதான்" என்றாள் அம்பாரோ, கொஞ்சம் மிடுக்காக.

லாரி கிளம்பியதும் ஆர்னெட்டா அவளைக் கட்டிக்கொண்டாள். வலது கை தோளுக்கு மேலே எழவில்லை; இடுப்பைச் சுற்றித்தான் பிடிக்க முடிந்தது.

"உனக்கு நான் என்ன செய்வேன்? சொல்லு."

"நீ செஞ்சுட்ட" என்றாள் அம்பாரோ. "நான் எதுக்கு வந்தேன் தெரியுமா? மலிவாத் தைக்க வழி பாருன்னுதான் அனுப்பினாங்க. தூக்கிப் போடுற சீட்டுதானே, மட்டமாத் தைச்சா என்ன, பாதிப் பொண்ணுங்களை வீட்டுக்கு அனுப்பினா என்னன்னு கேக்கத்தான்னு இங்க வந்துதான் புரிஞ்சுது. என்ன சொல்றதுன்னு ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் தெரியல. இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. சில சீட்டுல நிஜமாவே ஆளு உட்காருவாங்க, அதுவும் நோயாளிங்க. எந்தச் சீட்டுன்னு தைக்கும்போது யாருக்குத் தெரியும்? அதனால எல்லாத்தையும் ஒழுங்காத் தைக்கணும். போய் அப்படியே சொல்லப்போறேன்."

அம்பாரோ ஊருக்குப் போய் அப்படியே சொன்னாள் என்றும், தையல் பிரிவில் ஒருவரையும் குறைக்கவில்லை என்றும் பிறகு தொலைபேசியில் தெரிந்தது. முன்பு திட்டு வாங்கி அழுத அந்தப் பெண்ணை ஒரு நல்ல சாப்பாட்டுக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாளாம். கோழிதான் வாங்கிக் கொடுத்தாளாம்.

இந்தப் பிழைப்பு நிரந்தரமில்லை என்பது ஆர்னெட்டாவுக்குத் தெரியாமல் இல்லை. வரியைச் சுற்றிக்கொண்டு போகிற வழி சரியா தப்பா என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் யாராவது நீதிபதி அடைத்துவிடுவார். அப்பா சொல்வதும் தப்பில்லை. புத்தம்புது இருக்கையை நொறுக்கிச் சம்பளம் வாங்குவது எதிலும் சேர்த்தி இல்லாத வேலைதான். ஆனால் அந்த வசந்தத்தில் அவள் உடம்பைப் பார்த்துக்கொண்டது அந்த வேலை. நன்றி சொல்வதற்கு முன்னால் கொடுத்தவரின் ஜாதகத்தைப் பார்க்கிற பழக்கம் அவளிடம் இல்லை.

வைத்தியத்தின் கடைசி வாரங்களில் கார் ஓட்ட உடம்பில் தெம்பில்லை. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு யாராவது கொண்டுவந்து விடுவார்கள். அங்கிருந்து கவுன்ட்டி வண்டி வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும். கடைசி நாள் லூஷியஸ் தானும் வருகிறேன் என்று கோட்டுப் போட்டு, தொப்பி வைத்து, கைத்தடியோடு வாசலில் நின்றார். எதில் போகப்போகிறோம் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வெள்ளை வண்டி வந்து நின்றது. கவுன்ட்டியிடம் அந்த மாதிரி வண்டி அந்த ஒரு வரிசைதான். முன்னால் ஒட்டியிருந்த பெயர் என்னவோ அமெரிக்கப் பெயர். ஆனால் மகளிடம் இத்தனை வருஷம் கதை கேட்ட லூஷியஸுக்கு அந்தப் பெயரால் கண்ணைக் கட்ட முடியுமா? கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"பேரு நம்ம பேரு. பொறந்தது அங்க" என்றார்.

ஆர்னெட்டா ஏற்கெனவே உள்ளே ஏறி, பின் இருக்கையில் தலையைச் சாய்த்திருந்தாள். வாதாட அவளிடம் தெம்பு இல்லை. "அப்பா, நீங்க வீட்டுல இருங்க. நான் போயிட்டு வந்துர்றேன்" என்றாள்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். லூஷியஸ் அசையவில்லை. மகளைப் பார்த்தார். மகளுக்குக் கீழே இருந்த இருக்கையைப் பார்த்தார்.

"நீ மாட்டினது இதுதானா?"

"ஆமாப்பா. நாங்க எல்லாரும் சேர்ந்து மாட்டினோம். பின்கால் முதல்ல."

கிழவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு காலைத் தூக்கி வைத்து, முனகிக்கொண்டு, ஏறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். குனிந்து, இருக்கைக்குக் கீழே கையை விட்டு, பின்கால் திருகைத் தடவினார். நாற்பது வருஷம் இரும்பைத் தொட்ட விரல். அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு நிமிர்ந்து, பெல்ட்டை இழுத்து மகளுக்கு மாட்டிவிட்டு, தனக்கும் மாட்டிக்கொண்டார்.

"நல்லா முடுக்கியிருக்க, பாப்பா" என்றார். டிரைவரைப் பார்த்து, "வண்டியை எடுங்க. பாத்துப் போங்க, என் மக இருக்கா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தைத் தானே சொல்வதாக லூஷியஸ் சொன்னார். கையைக் கோத்துக்கொண்டார்கள். கூரைக்கு நன்றி சொன்னார். மகளின் உடம்புக்கு இரண்டு தடவை நன்றி சொன்னார். வெர்னனுக்கு, வரிசையில் இருந்தவர்களுக்கு, ஆகஸ்ட் முழுக்கத் தூங்குகிற அந்த ஸ்பெயின் பெண்ணுக்கு என்று ஒருவரையும் விடவில்லை. முடிந்தது என்று ஆர்னெட்டா கண்ணைத் திறக்கப்போனாள். அவர் கையை விடவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்தப் பாழாப்போன கோழிக்கும் நன்றி, ஆண்டவரே" என்றார்.

ஆர்னெட்டா உரக்க ஆமென் சொல்லிவிட்டு, அவர் தட்டில் இரண்டு துண்டு கோழி வைத்தாள்.